நுண்பொருளியல் வகுப்பில் கஹூட் (கைத்தொலைபேசி வினாடி வினா) வைத்தும் தேவை, அளிப்பு மனதில் ஏறவில்லை. வேறு என்ன விளையாட்டு நடத்தலாம்?

கோலாலம்பூர்க் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறீர்கள், கஹூட்டில் சரியாக அழுத்துபவர்களே தேர்வில் வளைகோட்டைத் தப்பாக வரைகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கஹூட் நினைவாற்றலைச் சோதிக்கும், வேகமாக அழுத்துபவருக்குக் கூடுதல் புள்ளியும் தரும். விலை எப்படி உருவாகிறது என்பது வாங்கி விற்றுப் பார்த்தால்தான் பிடிபடும். அதற்கு 24 அட்டைகள் போதும்.

மஞ்சள் அட்டை 12, வெள்ளை அட்டை 12. இரண்டிலும் 2 முதல் 13 வரை எண் எழுதுங்கள். (சீட்டுக்கட்டிலும் செய்யலாம். ஆனால் சில மாணவர்களுக்குச் சூதாட்டம்போல் படும், அட்டையே மேல்.) மஞ்சள் அட்டை வாங்குபவருக்கு: அந்த எண் அவர் தரக்கூடிய உச்ச ரிங்கிட். வெள்ளை விற்பவருக்கு: அது அடக்கவிலை. சுற்றுக்கு ஆளுக்கு ஒரே பொருள். நட்டத்துக்கு வியாபாரம் கூடாது, அட்டையை யாருக்கும் காட்டக்கூடாது. விலை படிந்ததும் இருவரும் முன்னால் வந்து அட்டைகளைக் கொடுக்க வேண்டும். நீங்கள் விலையை உரக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் சுற்று முடியும். அவரவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்து மறுபடி தொடங்குங்கள்.

உரக்கச் சொல்வதையும் மறுபடி நடத்துவதையும் விட்டுவிடாதீர்கள். பொருளியலாளர் எட்வர்ட் சேம்பர்லின் ஹார்வர்டு மாணவர்களை வைத்து நடத்தி 1948-இல் வெளியிட்ட சோதனையில் ஆங்காங்கே இருவர் இருவராகப் பேரம் பேசினார்கள். விலை சமநிலைக்கு (வாங்க விரும்புவோரும் விற்க விரும்புவோரும் சம எண்ணிக்கையில் இருக்கும் விலைக்கு) வரவில்லை. வெர்னன் ஸ்மித் கேட்பு விலைகளை எல்லோர் காதிலும் விழச் செய்து, அதே மதிப்புகளோடு பல சுற்று நடத்தினார். விலை சமநிலையை ஒட்டி வந்தது. 2002-இல் அவர் பொருளியல் நோபல் பரிசு பெற்றது இப்படிப்பட்ட ஆய்வுகளுக்காகத்தான்.

இந்த எண்களுக்குச் சமநிலை விலை 7-க்கும் 8-க்கும் நடுவில், வியாபாரம் 6, மொத்த உபரி (ஒவ்வொரு வியாபாரத்திலும் வாங்குபவர் எண்ணிலிருந்து விற்பவர் எண்ணைக் கழித்துக் கூட்டியது) 36 ரிங்கிட். முதல் சுற்றில் விலை சிதறும், வியாபாரமும் ஆறைத் தாண்டலாம். 13 உள்ளவர் 12-இடம், 12 உள்ளவர் 11-இடம் என்று வாங்கிக்கொண்டே போனால் 11 வியாபாரம் நடக்கும், உபரியோ வெறும் 11. வியாபாரம் கூடினால் நன்மையும் கூடும் என்ற நினைப்பு இங்கேதான் உடையும். வாங்க முடியாத 2, 3 எண்காரர்கள் தோற்றதாக நினைத்து முகம் வாடுவார்கள். வாங்காமல் இருப்பதே அவர்களுக்குச் சரி என்று அப்போதே சொல்லுங்கள்.

விலை நிலைத்ததும் உச்ச விலை 5 ரிங்கிட், அதற்கு மேல் விற்கக்கூடாது என்று அறிவியுங்கள். விற்க 4 பேர், வாங்க 9 பேர். பாடநூல் வரைபடத்தில் இழப்பைக் காட்டும் முக்கோணத்தின்படி உபரி 36-இலிருந்து 32 ஆகும். ஆனால் அது 13, 12, 11, 10 உள்ளவர்களுக்கே பொருள் கிடைத்தால்தான். முண்டியடித்து 5, 6, 7, 8 உள்ளவர்கள் வாங்கிவிட்டால் உபரி 12-தான். பற்றாக்குறையைவிட, பொருள் யார் கைக்குப் போனது என்பதில்தான் பெரிய இழப்பு. இந்த ஒரு சுற்றுக்கு அரைமணி நேரம் பேசலாம்.

இங்கே நம் மாணவர்களுக்குக் கோழி விலை நினைவுக்கு வரும். தீபகற்ப மலேசியாவில் 2022 ஜூலையிலிருந்து கிலோவுக்கு 9 ரிங்கிட் 40 சென் உச்சவரம்பு, பண்ணைக்காரர்களுக்கு உதவித்தொகை. 2023 நவம்பர் 1 முதல் இரண்டும் நீக்கப்பட்டன. அதையும் ஆடிப் பாருங்கள்: உச்ச விலை 5, விற்பவருக்குப் பொருளுக்கு 5 ரிங்கிட் உதவித்தொகை. ஒன்பது பேரும் வாங்குவார்கள், பற்றாக்குறை இருக்காது. அரசுக்குச் செலவு 45. அதைக் கழித்தால் நிகர உபரி 27.

கைத்தொலைபேசியை மாணவர் கையில் வியாபாரத்துக்குக் கொடுக்காதீர்கள், தலை குனிந்துவிடும். ஒரே ஒரு மாணவர் கூகுள் ஷீட்ஸில் சுற்று, விலை, இரண்டு அட்டை எண்கள் ஆகியவற்றைப் பதியட்டும். புரொஜெக்டரில் விலைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக ஏறும். 'ரிங்கிட்' என்று சேர்த்துத் தட்டினால் அது எழுத்தாகிவிடும், வரைபடத்தில் வராது. விலைப் பத்தியில் எண் மட்டும் ஏற்கும்படி முன்பே அமைத்துவிடுங்கள். வளாக வைஃபையை நம்பாமல் அவருக்கு ஹாட்ஸ்பாட் கொடுங்கள்.

மாணவர் 30 பேர் என்றால் ஆறு அட்டைகளை இருவர் இருவராகப் பகிரட்டும். வாங்குபவரை மட்டும் கூட்டினால் கணக்கே மாறிவிடும். 48 பேருக்கு இரண்டு செட் அட்டை: விலை அதேதான், வியாபாரம் 12. இணைய வகுப்புக்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் இலவச வீகான்லேப் இணையதளம் போதும், இப்படிப்பட்ட விளையாட்டுகளை அதில் நடத்தலாம்.

வரிச் சுற்றுக்கு மட்டும் கூகுள் ஃபார்மில் முன்கூட்டியே கேளுங்கள்: விற்பவரிடம் 4 ரிங்கிட் வரி வாங்கினால் சுமை யாருக்கு? பலர் 'விற்பவருக்கு' என்பார்கள். ஆடினால் விலை 9-க்கும் 10-க்கும் நடுவில் போகும், விற்பவர் கையில் 5 முதல் 6 நிற்கும். அடுத்த சுற்றில் அதே வரியை வாங்குபவரிடம் வசூலியுங்கள். விலை 5-க்கும் 6-க்கும் நடுவில் வரும், வரியோடு சேர்த்து வாங்குபவர் செலவு மறுபடி 9 முதல் 10. வரைபடத்துக்குப் பக்கத்தில் அவர்கள் முன்பு சொன்ன பதில்களையும் திரையில் போட்டு, ஏன் என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.