நானோ ஊசிக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. மார்பகப் புற்றுநோய் எலும்புக்கும் பரவியிருக்கிறது. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு. வாரம் ஒருமுறை பாக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்ற வேண்டுமாம். சாதாரணமானதா, நானோவா என்பதை எங்களையே முடிவு செய்யச் சொல்கிறார் மருத்துவர். நானோவின் விலை பல மடங்கு. அது கட்டிக்கு மட்டுமே போகும், முடிகூடக் கொட்டாது என்கிறார் மருந்துக் கடைக்காரர். நகையை அடகு வைத்தாவது அதையே வாங்கிவிடலாமா?

பதில்: முடி இரண்டிலும் கொட்டும். அந்த ஆசையில் பணம் கட்டிவிடாதீர்கள்.

இரண்டு குப்பியிலும் உள்ள மருந்து ஒன்றேதான். அதைப் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து வேதியியலாளர்கள் மன்றோ வாலும் இந்தியாவில் பிறந்த மன்சுக் வாணியும் பிரித்தெடுத்து, 1971இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கப்போகும் பணம் அந்த மருந்துக்கு அல்ல, அதை ரத்தத்துக்குள் கொண்டுசேர்க்கும் துணைப்பொருளுக்கு.

பாக்லிடாக்செல் தண்ணீரில் கரைய மறுக்கும் மருந்து. அதனால் சாதாரண வகையில், ஆமணக்கெண்ணெயிலிருந்து தயாராகும் கிரெமோஃபோர் என்ற திரவத்தையும் ஆல்கஹாலையும் சரிபாதி கலந்து அதில் கரைத்திருப்பார்கள். ஒரு மில்லியில் மருந்து 6 மில்லிகிராம். கிரெமோஃபோர் 527 மில்லிகிராம்! அம்மாவின் உடற்பரப்பு 1.5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 80 மில்லிகிராம் என்ற வாராந்தரக் கணக்கில் 120 மில்லிகிராம் மருந்து தேவை. அதைக் கொடுக்க 10 கிராமுக்கு மேல் கிரெமோஃபோரும் சுமார் 10 மில்லி ஆல்கஹாலும் சேர்ந்தே உடலுக்குள் போகும்.

மருந்து ஏறத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் முகம் சிவப்பது, மூச்சு முட்டுவது, ரத்த அழுத்தம் சரிவது போன்ற ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் இந்தக் கிரெமோஃபோரே காரணம். சாதாரண பிவிசி குழாயிலிருந்து பிளாஸ்டிக் சேர்மத்தைக் கரைத்து இழுத்துவிடும் என்பதால் அதற்குத் தனிக் குழாயும் வடிகட்டியும் வேண்டும். ஒவ்வாமையைத் தடுக்க முன்கூட்டியே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் ஒவ்வாமை எதிர்ப்பு ஊசியும் போடுவார்கள். உங்கள் அம்மாவின் விஷயத்தில் கவனிக்க வேண்டியது இந்த ஸ்டீராய்டைத்தான். வாராவாரம் போட்டால், அன்றும் மறுநாளும் சர்க்கரை எகிறும்.

நானோ வகையில் கிரெமோஃபோர் கிடையாது. மனித ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தோடு மருந்தைச் சேர்த்து, சுமார் 130 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்கியிருப்பார்கள். ரத்தச் சிவப்பணுவின் குறுக்களவில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. 100 மில்லிகிராம் மருந்துள்ள குப்பியில் சுமார் 900 மில்லிகிராம் அல்புமின் இருக்கும். அமெரிக்காவில் 2005இல் அனுமதி கிடைத்தது. வழக்கமாக ஸ்டீராய்டு முன்மருந்து தேவைப்படாது. அரை மணி நேரத்தில் ஏற்றிவிடலாம்.

கட்டிக்கு மட்டும் போகும் என்பது விளம்பரப் பேச்சு. கட்டியின் ரத்தக்குழாய்கள் ஓட்டையாக இருக்கும், நானோ துகள்கள் அதன் வழியே கசிந்து தேங்கும் என்ற கருத்து 1980களிலிருந்தே உண்டு. எலிகளில் அழகாக நடந்தது மனிதரில் அந்த அளவுக்கு நடக்கவில்லை. கட்டிக்கு மட்டும் போகும் மருந்தாக இருந்தால் முடி ஏன் கொட்டுகிறது, வெள்ளணுக்கள் ஏன் குறைகின்றன?

பலன் என்ன? மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுத்து ஒப்பிட்ட ஆய்வில், நானோ பெற்றவர்களில் 33 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. சாதாரண மருந்தில் 19 சதவீதம். இந்தக் கணக்கைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். ஆனால் உங்கள் அம்மாவுக்குச் சொல்லியிருப்பது வாராந்தர முறை. அதை ஒப்பிட்ட சிஏஎல்ஜிபி 40502 என்ற அமெரிக்க ஆய்வில் நானோ மேம்பட்டதாக நிரூபணமாகவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. இன்று பலரும் தருவதைவிட அதில் நானோவின் அளவு அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். அம்மாவுக்கு உள்ளங்கால் எரிச்சலோ, பாதம் மரத்துப்போவதோ இருக்கிறதா? பாக்லிடாக்செல் எந்த வடிவிலும் நரம்பைத் தாக்கும். மேலே சொன்ன முதல் ஆய்வில் கடுமையான நரம்புப் பாதிப்பு நானோவில் 10 சதவீதம், சாதாரணத்தில் 2 சதவீதம். மருந்தின் அளவு அதிகம் என்பதும் அதற்குக் காரணம். சர்க்கரையால் ஏற்கெனவே நரம்பு தளர்ந்திருந்தால், ஸ்டீராய்டைத் தவிர்க்கப்போய் வேறொன்றில் மாட்டிக்கொள்ள நேரிடும்.

ஆகவே, நகை இப்போது பெட்டியிலேயே இருக்கட்டும் என்பதுதான் என் கருத்து. சாதாரண வகையிலேயே தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முதல் இரண்டு முறை ஒவ்வாமை இல்லாவிட்டால், பலர் ஸ்டீராய்டின் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள், அதையும் கேளுங்கள். சர்க்கரை மருத்துவரிடம் சிகிச்சை நாளுக்கென்று தனியாக மருந்தளவு வாங்கிவையுங்கள். கடும் ஒவ்வாமை வந்தாலோ, சர்க்கரை கட்டுக்குள் நிற்காவிட்டாலோ நானோவுக்கு மாறுவது நியாயமான செலவு. அப்போதும் காப்பீட்டில் கிடைக்குமா என்று விசாரித்த பிறகு கடன் வாங்குங்கள்.

மாறுவதானால் பெட்டியைப் படியுங்கள். நம் சந்தையில் நானோ என்ற பெயரில் பாலிமர் துகள் வகையும் விற்கிறது. அல்புமின் சேர்ந்தது என்று தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்கக் கூடாது, அளவே மாறிவிடும். அல்புமின் வகையைக் கலக்கும் விதமும் வேறு. உப்புநீரைக் குப்பியின் உட்சுவர் வழியாக ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் மெல்ல இறக்கி, ஐந்து நிமிடம் அசையாமல் வைத்து, பிறகு நுரைக்காமல் சுழற்ற வேண்டும். பால் போல வெள்ளையாக வரும். கெட்டுப்போய்விட்டதோ என்று பதற வேண்டாம். ஏறும்போது ஊசி இருக்கும் இடம் எரிந்தாலோ வீங்கினாலோ மட்டும் அம்மா உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.