நியூட்ரான் விண்மீனின் நிறைக்கு ஏன் உச்சவரம்பு இருக்கிறது?

பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும், பெரும்பாலும் நியூட்ரான்களாலான மிக அடர்ந்த கருவே நியூட்ரான் விண்மீன். அதன் நிறை கூடினால் உள்ளழுத்தமும் கூடுமே, பிறகு ஏன் தன் எடையைத் தாங்க முடியாமல் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மிக நியாயமான கேள்வி. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் அழுத்தமும் ஈர்ப்பை உண்டாக்குகிறது என்பதே இதற்கு விடை. தாங்க வந்த கையே கீழே அழுத்தவும் தொடங்குகிறது! ஓர் எல்லைக்கு மேல், கூடும் அழுத்தம் சரிவைத்தான் விரைவுபடுத்தும், விண்மீன் கருந்துளையாகிவிடும்.

1939-இல் இயற்பியலாளர்கள் ஓப்பன்ஹைமரும் வோல்காஃபும் கணித்த வரம்பு சுமார் 0.7 சூரிய நிறை. மிக நெருங்கிய நியூட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும் அணுக்கரு விசை அந்தக் கணக்கில் இல்லை. அதைச் சேர்த்தால் வரம்பு 2-ஐத் தாண்டுகிறது. ஜே0740+6620 என்ற துடிவிண்மீனை (சுழன்றபடி சீரான துடிப்புகளாகக் கதிர்வீசும் நியூட்ரான் விண்மீன்) பாருங்கள்: ஏறத்தாழ 2.08 சூரிய நிறை, ஆரமோ சுமார் 12 கிலோமீட்டர்தான். இன்னும் சரியாமல் நிற்கிறது. வேகமான சுழற்சி இருந்தால் வரம்பைச் சற்று மீறியும் நிற்கலாம், அந்தச் சுழற்சி தளரும் வரை.