தொப்பூரில் மட்டும் பிரிந்து ஓட்டுங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து அக்டோபர் நடுவில் ஸ்ரீநகரில் கிளம்பி, 44-ம் எண் நெடுஞ்சாலை வழியாகவே கன்னியாகுமரி வரை சைக்கிளில் வரப்போகிறோம். நாளுக்கு 150 கி.மீ. என்று கணக்கு. நம்ம ஊர்ப் பக்கம் வரும்போது கால் நன்றாகப் பழகியிருக்கும், ஓசூர் தாண்டினால் எல்லாம் இறக்கம்தான், அதனால் பெங்களூரிலிருந்து சேலம் வரை 200 கி.மீ.யை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். கிளம்புவதிலிருந்து சேர்வது வரை எட்டுப் பேரும் ஒன்றாகவே ஓட்ட வேண்டும், யாரும் பிரியக்கூடாது என்று ஒரு விதியும் போட்டிருக்கிறோம். இந்த வழியில் நிறைய ஓட்டியவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். திட்டம் சரிதானா?

க., கிருஷ்ணகிரி

அன்புள்ள தம்பிக்கு,

ஒரே நாளில் 200 கி.மீ. முடியும். ப்ரெவே என்ற, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம் ஓட்டுபவர்களுக்கு அந்தத் தூரத்துக்குப் பதின்மூன்றரை மணி நேரம் கெடு. ஸ்ரீநகரிலிருந்து மிதித்து வந்த கால்களுக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனாலும் அந்த நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். பெங்களூரிலிருந்து கிளம்பி தருமபுரியில் தங்குங்கள். மறுநாள் விடிந்ததும் தொப்பூர் கணவாய் இறங்கி, சேலத்தோடு நிற்காமல் நாமக்கல் வரை போய்விட்டால் உங்கள் மொத்தக் கணக்கும் பெரிதாக இடிக்காது. இன்னொன்று, ஒன்றாகவே ஓட்ட வேண்டும் என்ற விதியைத் தொப்பூருக்கு மட்டும் தளர்த்துங்கள்.

முதலில் அந்த விதியைப் பற்றிப் பேசுவோம். அது நல்ல விதி. எதிர்க்காற்று வீசும் சமவெளியில் முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், அவருடைய பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவருக்கு உழைப்பில் கால்வாசியாவது மிச்சமாகும். சில நிமிடங்களுக்கு ஒருவராக முன்னால் இழுத்துவிட்டு, பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து ஒதுங்கிக் கடைசிக்கு வந்தால், தனியாக ஓட்டித் திணறுகிற ஆள்கூட 150 கி.மீ.யைச் சிரித்துக்கொண்டே முடிப்பார். ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சமவெளியில் ஏர் நெடுஞ்சாலை என்று ஒன்று இருக்கிறது. அதில் ஓரிடத்தில் 146 கி.மீ.க்கு வளைவே கிடையாது, வழியில் ஊரும் கிடையாது. அங்கே குழுவை விட்டுப் பிரிந்தால் தண்ணீருக்கே திண்டாட்டம். அப்படிப்பட்ட சாலைக்கு உங்கள் விதி அப்படியே பொருந்தும்.

இறக்கம் வேறு. இறக்கத்தில் மணிக்கு 45 கி.மீ. வேகம் தானாகவே வந்துவிடும். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் ஓடிவிடுவீர்கள். முன்னால் போகிறவர் குழியைப் பார்த்து, "குழி!" என்று கத்தி, அது உங்கள் காதில் விழுந்து, விரல் பிரேக்கை அழுத்துவதற்குள் அந்த ஒரு விநாடி போய்விடும். இடைவெளியோ ஒரு சைக்கிள் நீளம். உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தில் உரசினால் பெரும்பாலும் விழப்போவது நீங்கள்தான். உங்கள் பின்னால் வருகிறவர்களும் உங்கள் மேலேயே விழுவார்கள். ஏற்றத்தில் ஒருவர் விழுந்தால் முழங்கை சிராய்க்கும், அவ்வளவுதான்.

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்கும் கீழே. அதனால்தான் எல்லாம் இறக்கம் என்று தோன்றுகிறது. உண்மையில் சூளகிரிப் பக்கம் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வரையும் அப்படித்தான். இந்தப் பகுதியில் என் பயமெல்லாம் இடது ஓரத்தில் எதிரே வரும் டூவீலர்கள் மேல்தான். மேம்பாலம் முடிந்து சர்வீஸ் ரோடு சேரும் இடங்களில், சுற்றிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு, பால் கேனோ புல்லுக்கட்டோ வைத்துக்கொண்டு நேர் எதிரே வருவார்கள். வரிசையில் முதல் ஆள் பார்த்துவிடுவார். நான்காவது ஆளின் கண்ணுக்கு முன்னால் இருப்பவரின் முதுகு மட்டும்தான் தெரியும். ஆகவே ஓசூர் தாண்டியதும் இடைவெளியை இரண்டு மூன்று மடங்காக்கிவிடுங்கள். காற்றில் கிடைக்கும் லாபம் போகட்டும்.

அப்புறம் தொப்பூர். நீங்கள் பக்கத்து மாவட்டத்துக்காரர், பஸ்ஸில் எத்தனையோ முறை போயிருப்பீர்கள். சைக்கிளில் அது வேறு இடம். பாளையம் டோல்கேட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலை கீழே சரிய ஆரம்பிக்கும். வடக்கேயிருந்து பாரம் ஏற்றி வரும் லாரிகளில் சில டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருள்கின்றன. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் நிறுத்த வழியில்லை. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இங்கே வண்டிகள் அடுத்தடுத்து மோதி உயிர்கள் போயின. பிரேக் லைனிங் கருகும் வாடை சைக்கிளில் போகிறவர் மூக்கில் நேராக ஏறும். அந்த வாடை பலமாக வந்தால் சாலையை விட்டு இறங்கி நின்று, அந்த வண்டியைப் போகவிடுங்கள்.

உங்கள் பிரேக்குக்கும் இதே கதைதான். சக்கர விளிம்பையே கட்டை பிடிக்கும் ரிம் பிரேக்காக இருந்தால் அழுத்தியபடியே இறங்கக்கூடாது. ரிம் சூடாகி டியூப் வெடிக்கும், அதுவும் பின்னால் பை கட்டிய கனத்தில். இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, திரும்ப அழுத்த வேண்டும். வளைவுக்கு முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு முறை ஓரமாக நிறுத்தி ரிம் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள், அனல் அடித்தால் ஐந்து நிமிடம் உட்காருங்கள். விரல்களுக்கும் அந்த ஓய்வு வேண்டும். சாலையோரத்துக் குரங்குகள் பையைக் குறிவைக்கும், தின்பண்டத்தை வெளியே எடுக்காதீர்கள்.

எட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராக, முன்னால் போனவர் வளைவில் மறைந்த பிறகு அடுத்தவர் என்று கிளம்புங்கள். கணவாய் முடிந்து தொப்பூர் ஊருக்குள் வந்ததும் சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி நின்று ஆளை எண்ணுங்கள். கடைசியாக இறங்குபவர், அதாவது உங்கள் ஸ்வீப், குழுவிலேயே நிதானமான ஆளாக இருக்கட்டும். பஞ்சர் ஒட்டும் சாமானும் முதலுதவிப் பையும் அவரிடமே இருக்க வேண்டும். எல்லோரையும் விட வேகமானவரைத்தான் முன்னால் விடத் தோன்றும். தொப்பூரில் அவரைக் கடைசிக்கு முந்தைய இடத்தில் வையுங்கள்.

நாளை இரண்டாகப் பிரிக்கச் சொல்வதும் இதற்காகத்தான். பெங்களூரிலிருந்து ஒரே மூச்சில் வந்தால் தொப்பூருக்கு வரும்போது 150 கி.மீ.க்கு மேல் ஓடியிருக்கும், பொழுது சாயும். உங்கள் கணக்குப்படி அது நவம்பர் தொடக்கம், வடகிழக்குப் பருவமழைக் காலம், மாலையில் மழை பிடித்துக்கொள்ளும். ரிம் நனைந்தால் பிரேக் கட்டை பிடிப்பதற்குத் தாமதமாகும். வாரக்கணக்கில் ஓட்டிய களைப்பு காலில் தெரியாது, கவனத்தில்தான் தெரியும். தருமபுரியில் படுத்துத் தூங்கி எழுந்து, நன்றாக வெளிச்சம் வந்த பிறகு இறங்குவதற்கு ஈடாக எதையும் நான் சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. காவேரிப்பட்டினத்தில் நிப்பட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், உப்பும் கடலையும் சேர்ந்தது, வியர்த்து ஓட்டுகிறவர்களுக்கு அதைவிட நல்லது எது? ராகிக் களியை மட்டும் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதியம் சாப்பிட்டால் மிதிக்க வராது.

தேதி முடிவானதும் எழுதுங்கள். தருமபுரியில் தங்க இடம் பார்த்து வைக்கிறேன். மறுநாள் காலை தொப்பூர் வரை நானும் உங்களோடு வருகிறேன்.

அன்புடன்