ஆபீஸ் சர்வர்களை வெளியூரிலிருந்து கண்காணிக்க எந்த இலவச டூல் நல்லது?

ஆம்பூர் ஆபீஸில் மூன்று லினக்ஸ் சர்வர், நீங்கள் இருப்பது சென்னையில், டூலுக்கென்று பணம் செலவழிக்க நிர்வாகம் தயாராக இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே இருப்பது பப்ளிக் ஐபி, அதாவது வெளியிலிருந்து நேராகத் தொடர்புகொள்ளும் முகவரி, இல்லாத சாதாரண பிராட்பேண்ட் என்றே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வேலூர்ப் பக்கம் பெரும்பாலும் அப்படித்தான். அப்படியானால் சாபிக்ஸ் (Zabbix) என்ற இலவசக் கண்காணிப்பு சாஃப்ட்வேரைப் போடுங்கள்.

முக்கியமான காரணம், தகவல் எந்தத் திசையில் போகிறது என்பது. இதே வேலைக்கான இன்னொரு டூலான ப்ரொமிதியஸ் ஒவ்வொரு மெஷினாகப் போய் 9100 போர்ட்டை (நெட்வொர்க் வாசலை) தட்டி எண்களை வாங்கி வரும். வெளியிலிருந்து உள்ளே நுழைய வழியில்லாத இடத்தில் அதற்காகத் தனியாக விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) போட்டுப் பராமரிக்க வேண்டும். ஒவ்வொரு சர்வரிலும் போடும் சிறு புரோகிராமான சாபிக்ஸ் ஏஜென்ட்டை ஆக்டிவ் முறையில் வைத்தால் அதுவே உள்ளேயிருந்து கிளம்பி, வெளியே விபிஎஸ்ஸில் (இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் சர்வரில்) இருக்கும் உங்கள் சாபிக்ஸ் சர்வரின் 10051 போர்ட்டில் தகவலைச் சேர்த்துவிடும். ஆபீஸ் ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம். ஏஜென்ட்டுக்குப் பிஎஸ்கே கீ (இரு பக்கமும் முன்கூட்டியே வைக்கும் ரகசியச் சாவி) மட்டும் கட்டாயம் வையுங்கள்.

"இந்தக் காலத்தில் யார் சாபிக்ஸ் போடுகிறார்கள்" என்று சிலர் வருவார்கள். 2001இல் வெளிவந்தது என்பதால் அது பழசாகிவிடாது, இன்றும் புதுப் பதிப்புகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. புரோகிராம்களைப் பல மெஷின்களில் தானாகப் பரப்பி ஓட்டும் குபர்னெட்டிஸ் வைத்திருப்பவர்களுக்கு ப்ரொமிதியஸ்தான் சரி, மறுக்கவில்லை. நானே வேறோர் இடத்தில், எண்களைப் படமாகக் காட்டும் கிராஃபானாவோடு அதை ஓட்டுகிறேன். ஆனால் உங்களுடையது மூன்று மெஷின், மூன்றும் அசையாமல் ஒரே இடத்தில் இருப்பவை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியின் சர்வர்களை நான் காட்பாடியிலிருந்து பார்த்துக்கொள்கிறேன். ஒரு கோடையில் தினமும் மதியத்துக்கு மேல் பில்லிங் சாஃப்ட்வேர் ஆமை வேகத்தில் நகர்ந்தது. சென்னையிலிருந்து வந்த வெண்டர் சர்வர் பழசாகிவிட்டது என்று புதுசுக்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போனார். சாபிக்ஸ் கிராஃபில் லோடு ஏறியிருந்தது, ஆனால் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம் அப்படியே இருந்தது. ரேமும் மிச்சம் இருந்தது. டிஸ்க்கும் ரேமும் காரணமில்லை என்றால் வேறென்ன என்று எனக்கு இடித்தது.

ஏஜென்ட் கான்ஃபிக் ஃபைலில் யூசர்பாராமீட்டர் என்று ஒரு வரி சேர்க்கலாம். நீங்கள் கொடுக்கும் கமாண்டின் விடையை அது தனி அளவாக அனுப்பும். சிபியு வெப்பத்துக்கு ஒன்று, சிபியு வேகத்துக்கு ஒன்று சேர்த்தேன். லினக்ஸ் வெப்பத்தை ஆயிரம் மடங்காக எழுதும், அதனால் ஆயிரத்தால் வகுக்கச் சொல்ல வேண்டும். மறுநாள் படம் தெளிவாகத் தெரிந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெப்பம் 90 டிகிரியைத் தாண்டுகிறது, அதே நிமிடத்தில் சிபியு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைப் பாதிக்கும் கீழே இறக்குகிறது. சாப்பிடப் போகிறவர்கள் ஏசியை அணைத்துவிட்டுப் போகிறார்கள்.

நேரில் போய் சர்வரைத் திறந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பக்கத்து ஷெட்டில் தோலைத் தேய்த்து மென்மையாக்கும் பஃபிங் மெஷின். அங்கே தோலைத் தேய்க்கும்போது கிளம்பும் பொடி, சிபியுவின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்குகளில் ஃபெல்ட் துணி போலப் படிந்து காற்றையே அடைத்திருந்தது. பிரஷ்ஷும் புளோயரும் வைத்துச் சுத்தம் செய்தோம். "ஏசியை மட்டும் அணைக்க வேண்டாம் பாய்" என்று முதலாளியிடம் கிராஃபைக் காட்டினேன். "இதை முன்னாடியே யாரும் சொல்லலையே தம்பி" என்றார். அந்தச் சர்வர் இன்றும் ஓடுகிறது.

இதில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்கிறேன். வண்டி ஏறி வருகிறவர் சொன்னால் அது ஆலோசனை, அதற்கு விசிட் சார்ஜ். உள்ளூர்க்காரன் சொன்னால் "சரி பார்க்கலாம் தம்பி, அப்படியே அந்த பிரிண்டரையும் பார்த்துடு". இத்தனை இன்ஜினியரிங் படித்த பிள்ளைகள் இருக்கிற ஊர் இது. காலையில் காட்பாடி ஸ்டேஷனில் நின்று பாருங்கள், பாதிப் பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். இங்கே மரியாதையும் சம்பளமும் கிடைத்தால் அவர்கள் ஏன் போகிறார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாபிக்ஸ் உங்களுக்குப் பெரிதாகத் தோன்றினால் அப்டைம் கூமா என்ற சிறிய டூலை வெளியே ஒரு விபிஎஸ்ஸில் போட்டு, சர்வர்களே அதற்குத் தகவல் அனுப்பும் புஷ் முறையில் வைக்கலாம். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று அது சொல்லும், ஏன் மெதுவாக ஓடுகிறது என்று சொல்லாது. நெட்டேட்டா என்ற இன்னொரு டூல் சர்வரின் நிலையை நொடிக்கு நொடி காட்டும், ஒரு பிரச்சினையை உட்கார்ந்து தேடும்போது மிக உதவி. ஆனால் அதன் 19999 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள், யார் வேண்டுமானாலும் உள்ளே எட்டிப் பார்க்கலாம்.

சாபிக்ஸ் சர்வரை ஆபீஸுக்குள்ளேயே வைக்க வேண்டாம், கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து படுத்துவிடும். வெளியே வைத்து, ஐந்து நிமிடம் தகவல் வராவிட்டால் டெலிகிராமில் செய்தி வரும்படி நோடேட்டா ட்ரிக்கர் (தகவல் நின்றால் எச்சரிக்கும் விதி) ஒன்று போடுங்கள். டிஸ்க் 85 சதவீதம் நிரம்பினால் ஒன்று, சிபியு வெப்பத்துக்கு ஒன்று. ஆரம்பத்தில் இந்த மூன்று அலர்ட் போதும், மற்றதை ஒரு மாத கிராஃபைப் பார்த்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.