பள்ளிப் பிள்ளைகளோடு முழு அளவில் ஒரு போர் விமானம்: எங்கள் ஹரிக்கேன்

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க்காலச் சண்டை விமானம் ஒன்றின் முழு அளவு மாதிரியை மாணவர்களை வைத்துச் செய்ய முடியுமா? செய்தவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

முடியும். நாங்கள் செய்தோம். மூன்று வருடமும் ஒரு கோடை விடுமுறையும் பிடித்தது. பறக்காது, உள்ளே இயந்திரம் கிடையாது. ஆனால் பத்தடி தள்ளி நின்றால் மரத்தால் செய்தது என்று சட்டென்று பிடிபடாது.

நான் இங்கிலாந்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பட்டறை உதவியாளர். வாத்தியார் இல்லை. ரம்பத்தைத் தீட்டுவது, பலகை வெட்டி அடுக்குவது, யாராவது விரலை அறுத்துக்கொண்டால் பஞ்சு தேடி ஓடுவது, இவைதான் என் வேலை. பிறந்தது திருகோணமலை. அது இந்தக் கதைக்குள் எப்படி வருகிறது என்று பிறகு சொல்கிறேன்.

முதல் சண்டையே எந்த விமானம் என்பதில்தான். பிள்ளைகள், ஆசிரியர்கள், பெற்றோர் எல்லோருக்கும் ஸ்பிட்ஃபயர் வேண்டும். நான் ஒருவன்தான் ஹரிக்கேன் என்றேன். இரண்டும் அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் சண்டை விமானங்கள். அழகுக்காக இல்லை, தச்சுக் கணக்குக்காக. ஸ்பிட்ஃபயர் இறக்கை நீள்வட்டம். ஹரிக்கேன் இறக்கையோ நேர்க்கோட்டில் ஒடுங்கிக்கொண்டு போகும். இறக்கைக்குள் வரிசையாக நின்று அதற்கு வடிவம் கொடுக்கும் சட்டங்களை விலா என்போம். முதல் விலாவையும் கடைசி விலாவையும் வரைந்துவிட்டால் நடுவில் உள்ளவற்றைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். ஸ்பிட்ஃபயர் உடம்பில் பல இடங்களில் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் ஒரே நேரத்தில் வளைந்த தகடு. தகட்டைக் குழாய் மாதிரி வளைக்கப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு மத்தியானத்தில் சொல்லிக்கொடுக்கலாம். கிண்ணம் மாதிரி வளைக்க எனக்கே வராது.

ஹரிக்கேனின் பின்பாதி துணி. 1935 நவம்பர் 6ஆம் திகதி முதல்முதல் பறந்தபோதே அது பாதி பழைய காலத்து விமானம்தான். ஹாக்கர் நிறுவனத்தில் சிட்னி காம் அதற்கு முன் இரட்டை இறக்கை விமானங்கள் செய்து பழகியவர். அதே முறையில் உருக்குக் குழாய்ச் சட்டம், அதற்கு மேல் மரம், அதற்கு மேல் ஐரிஷ் லினன் என்று கட்டினார். குண்டு துளைத்தால் துணி ஒட்டுப்போட்டு மறுநாள் பறக்கவிடலாம். 14,000க்கு மேல் செய்தார்கள். அதில் 1,400க்கு மேல் கனடாவில் செய்தவை. அந்தத் தொழிற்சாலையின் தலைமை விமானப் பொறியாளர் எல்சி மெக்கில் என்ற பெண். எங்கள் பெண்பிள்ளைகள் அவர் படத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்தார்கள், இன்னும் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு, கூட்டத்தில் எல்லோரும் அடங்கியது இதைச் சொன்ன பிறகுதான். ஹரிக்கேனின் சக்கரங்கள் நடு இறக்கைப் பகுதியில் பொருந்தியிருக்கும். வெளி இறக்கைகளைக் கழற்றினாலும் உடம்பு தன் காலில் நிற்கும், தள்ளிக்கொண்டு போகலாம். ஸ்பிட்ஃபயரில் இறக்கையைக் கழற்றினால் காலும் கூடவே போய்விடும். பள்ளிக்கூடத்தில் பரீட்சை வரும், நாடகம் வரும், ஒவ்வொரு தடவையும் நகர்த்தச் சொல்வார்கள். 12 மீற்றர் அகலமான சாமானை எங்கே தள்ளுவது?

வரைபடத்தை எடுத்துப் பெரிதாக்குவதைப் பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் மென்பொருள் சொல்வார்கள். நாங்கள் விடுமுறையில் பிரார்த்தனை மண்டபத் தரையில் மாட்டுத்தாள் விரித்து, ஒன்பதரை மீற்றர் நீளத்துக்குப் பென்சிலால் வரைந்தோம். கணினியில் வரைந்தால் தவறு திரையிலேயே ஒளிந்துகொள்ளும். தரையில் ஒளிய இடமில்லை. ஒவ்வொரு சட்டமும் வரும் இடத்தில் ஆணி அடித்து, ஆணிகளை ஒட்டி மெல்லிய மரச் சிலாகை ஒன்றை வளைத்துவிடுவோம். கணக்குச் சரியென்றால் சிலாகை வழுக்கிக்கொண்டு போகும். ஓர் ஆணி மூன்று மில்லிமீற்றர் தப்பினாலும் அந்த இடத்தில் முட்டி நிற்கும். கணக்கில் எப்போதும் கடைசியில் இருக்கும் ஒரு பெடியன், குப்புறப் படுத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தே "ஏழாவது ஆணி பிழை" என்று சொல்லப் பழகிவிட்டான். வள்ளம் கட்டுகிறவர்கள் வங்கு, அதாவது வள்ளத்தின் விலாச் சட்டம், ஒழுங்காக நிற்கிறதா என்று எங்கள் ஊரில் இப்படித்தான் பார்ப்பார்கள்.

உள்ளே உருக்குக் குழாய்க்குப் பதில் பெட்டிபோல் ஒட்டிய பிளைவுட் சட்டம். அதைச் சுற்றி வளையங்கள், வளையங்களுக்கு மேல் நீளவாட்டில் சிலாகைகள். இறக்கைக்கு விலாவும் மேலே மெல்லிய பிளைவுட்டும். 1939க்குப் பிறகு வந்த ஹரிக்கேன்களில் இறக்கை உலோகத் தகடுதான், ஆகவே வழவழப்பாக இருந்தால் பிழையில்லை. இதெல்லாம் அலுப்பான வேலை, விவரிக்க ஒன்றுமில்லை. ஒட்டு, பிடிகருவி, காத்திருப்பு, மணல்தாள்.

துணிக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் லினனை இழுத்து ஒட்டி அதன் மேல் டோப் என்ற பூச்சு பூசுவார்கள். காயும்போது துணி சுருங்கி விறைக்கும். அதன் வாடை தலையைச் சுற்றும், சட்டென்று தீயும் பிடிக்கும், பள்ளிக்கூடத்துக்குள் நினைத்தும் பார்க்கக்கூடாது. இப்போது சிறு விமானங்களுக்குப் போடும் பொலியெஸ்டர் துணி இருக்கிறது, அயன்பெட்டிச் சூட்டிலேயே சுருங்கும். சூட்டைப் படிப்படியாக ஏற்ற வேண்டும், 175 பாகை செல்சியசைத் தாண்டக்கூடாது, சூடு மிஞ்சினால் துணி தளர்ந்து கெட்டுவிடும். அயன்பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். வெப்பமானி வைத்துப் பார்த்தபோது எங்களிடமிருந்த மூன்று பெட்டியும் மூன்று கதை சொன்னது.

நாங்கள் பட்ட அடி வேறு இடத்தில். வாலில் நிற்கும் சுக்கானுக்குத் துணி போட்ட நாள், ஒரு பையன் ஆர்வக் கோளாறில் இடது பக்கம் முழுவதையும் கடைசிச் சூடு வரை அயன் பண்ணி முடித்துவிட்டான், வலது பக்கம் தொடவில்லை. எனக்கும் உறைக்கவில்லை, "நல்ல வேலை" என்றுகூடச் சொன்னேன். பின்னேரம் கதவைப் பூட்டப் போகும்போது பார்த்தால் சுக்கான் பொரித்த அப்பளம் மாதிரி ஒரு பக்கமாக வளைந்து நிற்கிறது. துணிக்கு அவ்வளவு இழுவை. இரண்டு பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்க வேண்டும். துணியை அறுத்தெடுத்தோம். சட்டம் நிமிரவில்லை, புதிதாகச் செய்ய இரண்டு கிழமை போனது. அந்த வளைந்த சட்டத்தை எறியாமல் சுவரில் மாட்டியிருக்கிறேன். விசைகளைப் பற்றி நான் கொடுத்த ஒரே பாடம் அதுதான்.

அதற்குப் பிறகு வந்தது தையல். துணியை விலாவோடு சேர்த்துக் கட்ட மெழுகு பூசிய நூலும், ஒரு முழத்துக்குக் கிட்ட நீளமான ஊசியும் வேண்டும். ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். நடுவில் துணி, ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. இவர் குத்துவார், அவர் இழுத்து விலாவின் மறு ஓரத்தால் திருப்பிக் குத்துவார். விரலை ஊசி பதம்பார்க்காமல் இருக்க அவர்களாகவே ஒரு பாஷை கண்டுபிடித்தார்கள்: ஒரு தட்டு தட்டினால் "ஊசி வருகிறது", இரண்டு தட்டினால் "பொறு". பட்டறை முழுக்க டொக், டொக்டொக் என்று கேட்டுக்கொண்டிருக்கும். ரம்பம், துளைக்கருவி என்று துள்ளிய பெடியன்கள் இங்கே தோற்றுப்போனார்கள். பட்டறைப் பக்கமே வராத, தையல் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் வந்து சீரான இடைவெளியில் முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார்கள். பார்க்க வருகிறவர்கள் முதலில் தடவிப் பார்ப்பது அந்த முடிச்சு வரிசையைத்தான்.

எல்லாம் இறுகிய பிறகு விரலால் சுண்டினால் தவில் மாதிரிச் சத்தம். அடியில் இருக்கும் சிலாகைகள் மெலிந்த மாட்டின் விலா போலத் துணிக்கு மேலே தெரியும். ஹரிக்கேனை ஹரிக்கேனாகக் காட்டுவது அதுதான். கண்ணாடியிழையில் அச்சு வார்த்துச் செய்த மாதிரிகளையும் பார்த்திருக்கிறேன். தூரத்தில் நன்றாக இருக்கும், கை வைத்தால் நீர்த்தொட்டி.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மூக்கில் சுற்றும் சுழலியின் அலகுகளைப் பிளைவுட் அடுக்கி ஒட்டிச் செதுக்கினோம், செதுக்கச் செதுக்க அடுக்குகள் மலை வரைபடத்தின் கோடுகள் மாதிரி வெளிவரும், கோடு சீராக இருந்தால் வடிவமும் சரி. பக்கத்துக்கு மூன்று புகைபோக்கி, தண்ணீர்க்குழாயை நசுக்கியது. விமானி தலைக்கு மேலுள்ள கண்ணாடிக் கூடு பல சட்டங்களாகப் பிரிந்தது, ஒரு பக்கம் வளைத்த அக்ரிலிக் போதும். எட்டுத் துப்பாக்கியும் இறக்கைக்குள் மறைந்திருப்பவை. ஓட்டைகள் மேல் தூசியும் ஈரமும் போகாமல் சிவப்புத் துணி ஒட்டுவார்கள், நாங்களும் ஒட்டினோம். துப்பாக்கி மாதிரி எதையும் பள்ளிக்கூடத்துக்குள் செய்யத் தேவைப்படவில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். விஷயம் ஊரில் பரவினால் யாராவது ஒரு நல்ல மனிதர் "அசல் விமானத்தில் இருந்தது" என்று விமானியின் முன்னால் இருக்கும் பழைய அளவுமானி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுவார். வாங்காதீர்கள். இருட்டில் ஒளிர அந்தக் காலத்து மானிகளில் ரேடியம் கலந்த பூச்சு பூசினார்கள். ஒளிர்வது நின்றிருக்கும், கதிர்வீச்சு நிற்காது, ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம். எங்களுடையவை அச்சடித்த தாளும் அக்ரிலிக்கும்.

"பொய் விமானம் செய்து என்ன பயன்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: போர் நடக்கும்போதே செய்தார்கள். ஜெர்மன் குண்டுவீச்சை ஏமாற்றப் பிரிட்டனில் போலி விமானத் தளங்கள் அமைத்து, மரத்திலும் கான்வாசிலும் செய்த விமானங்களை நிறுத்தினார்கள். அவற்றைச் செய்துகொடுத்தவர்களில் ஷெப்பர்டன் சினிமா ஸ்டூடியோக்காரர்களும் உண்டு. எங்களுடையதைவிட மட்டமாகத்தான் இருந்திருக்கும் என்று எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே பெருமை.

இனி திருகோணமலை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலை. பக்கத்திலுள்ள சீனன்குடா விமானத் தளத்திலிருந்து எழும்பி எதிர்த்தவை பிரிட்டிஷ் விமானப்படையின் 261ஆம் அணியின் ஹரிக்கேன்கள். அன்றைக்குத்தான் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அம்மம்மாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவருக்கு அது "குண்டு போட்ட வருஷம்", எங்கள் மாமாவின் வயதைக்கூட அதிலிருந்துதான் எண்ணுவார். இதைச் சொல்லி, 261இன் அடையாளத்தைத் தீட்டலாம் என்று வாக்கெடுப்பில் முன்மொழிந்தேன். ஒரு வாக்கு விழுந்தது, என்னுடையது. பிள்ளைகளுக்கு 1940இல் ஜெர்மன் விமானங்களோடு பிரிட்டன் வானில் நடந்த சண்டைதான் வேண்டும். சரி, அவர்கள் விமானம். சென்னைக்காரர்கள் பெருமைப்படவும் ஒன்று இருக்கிறது: 1940இல் ஹரிக்கேன் ஓட்டிய 79ஆம் அணியின் பெயரிலேயே மெட்ராஸ் உண்டு, உங்கள் ஊர்ப் பணத்துக்கு நன்றியாக வைத்தது. விளக்கப் பலகையில் அதை எழுதவைத்துவிட்டேன்.

இன்னொன்றில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அசல் ஹரிக்கேனில் இருந்த மெர்லின் இயந்திரத்தின் சத்தத்தை ஒலிபெருக்கியில் போடலாம் என்று ஓர் ஆசிரியர் ஆசைப்பட்டார். 1990இல் நான் யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்தேன். விமானச் சத்தம் கேட்டால் நாங்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை, பங்கருக்குள் இறங்குவோம். எங்கள் பள்ளியிலும் போர் நடந்த நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், யாருக்கு எந்தச் சத்தம் என்ன செய்யும் என்று கேட்டுக்கொண்டா போட முடியும்? போடவில்லை.

செலவு? பலகையைவிட ஒட்டும் திருகாணியும் மணல்தாளும்தான் காசைத் தின்னும். பிளைவுட் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் மிச்சம், சக்கரத்துக்கு ரயர் பழைய ட்ரெயிலரிலிருந்து. ஆட்கள்? தொடக்கத்தில் நாற்பது பேர், இரண்டாம் வருடம் ஒன்பது, வர்ணம் பூசும் அன்றைக்குத் திரும்ப நாற்பது. வர்ண நாளை முன்கூட்டியே அறிவிக்காதீர்கள்.

கதவை அளந்துவிட்டுத் தொடங்குங்கள். நானும் அளந்தேன், உடம்பின் அகலத்துக்கு. பின்னால் கிடையாக நிற்கும் வால் இறக்கை மூன்று மீற்றருக்கு மேல் இருக்கும் என்பதும், அதைக் கழற்ற முடியாதபடி ஒட்டிவிட்டோம் என்பதும் கதவடியில் போய் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. விடுமுறையில் கதவுச் சட்டத்தையும் பக்கச் சுவரில் கொஞ்சத்தையும் கழற்றினோம்.

வெளியில் வைப்பதானால் துணியின் அடிப்பக்கம் ஒவ்வோர் அறைக்கும் ஒரு சின்ன ஓட்டை விடுங்கள், அசல் விமானத்திலும் உண்டு. தண்ணீர் வெளியேற வழியில்லாவிட்டால் இரண்டு மழையில் கீழ்ச் சிலாகை உளுத்துப்போகும். ஓட்டைக்கு உள்பக்கம் வலைக்கம்பித் துண்டு ஒன்றையும் ஒட்டிவிடுங்கள். நாங்கள் ஒட்டவில்லை, போன மார்கழியில் வாலுக்குள் எலி குடியேறி, அந்த மூன்று பிள்ளைகள் போட்ட முடிச்சில் பதினொன்றைத் தின்றுவிட்டது. அதில் ஒருத்தி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஒரு சனிக்கிழமை நீள ஊசியோடு வந்து சரிசெய்து தந்தாள். மறுபக்கம் நின்று தட்டியது நான்.