கொரோனா காலத்தில் சொன்ன கட்டுப்பாடுகளை நம் மக்கள் ஏன் ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை? நமக்கு ஒழுக்கம் இல்லை என்பதுதான் காரணமா?

ஒழுக்கம் இல்லை என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்து ரேஷன் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். ஊரே அடங்கிக் கிடந்தபோதும் நாங்கள் கடை திறந்தாக வேண்டும். நீங்கள் அப்போது வீட்டிலிருந்தே வேலை பார்த்தவராக இருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் டிவியில் கூட்டத்தைக் காட்டுவார்களே தவிர, அது ஏன் கூடியது என்று காட்ட மாட்டார்கள்.

2020 ஏப்ரலில் கார்டுக்கு 1000 ரூபாயும், அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் இலவசமாகவும் கொடுக்கச் சொன்னார்கள். வீடு வீடாகப் போய், தேதியும் நேரமும் எழுதி டோக்கன் கொடுத்தோம். கடை வாசலில் சுண்ணாம்பில் வட்டம் போட்டோம். சொன்ன நேரத்துக்கு ஜனங்கள் வந்தார்கள். முகக்கவசம் கிடைக்காதவர்கள் துண்டையும் சேலைத் தலைப்பையும் மூக்கோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ஆனால் வெயில் ஏற ஏற வட்டத்தில் ஆள் இருக்காது. பையும் செருப்பும் வரிசையில் நிற்கும், ஆட்களெல்லாம் எதிரே வேப்பமரத்து நிழலில் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு நிற்பார்கள். பார்வையிட வந்த ஒருவர், "இந்த ஜனங்கள திருத்தவே முடியாது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

பங்குனி வெயிலில் வயசானவர்கள் எப்படி நிற்பார்கள்? மறுநாள் ஊர்ப் பையன்கள் தென்னங்கீற்று கொண்டுவந்து வட்டங்களுக்கு மேலே பந்தல் போட்டார்கள். அப்புறம் யாரையும் அதட்ட வேண்டியிருக்கவில்லை. மரத்தடி காலியானது, வட்டத்தில் ஆள் நின்றது. பந்தல் போட்டால் நோய் வராது என்று நான் சொல்லவில்லை. செய்யக்கூடிய மாதிரி ஏற்பாடு இருந்தபோது எங்கள் ஜனம் செய்தது, அதைத்தான் சொல்கிறேன்.

ஒரு கடையை வைத்து நாட்டையே எடை போடாதே என்று கமெண்டில் வருவீர்கள். வேண்டுமென்றே மீறியவர்கள் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு, "எனக்கெல்லாம் வராது" என்று வண்டியை விட்டு இறங்காமலே பேசியவர்களையும் பார்த்தேன். ஆனால் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கு நம்பிக்கை விட்டுப்போனது. மே 7ஆம் தேதி டாஸ்மாக்கைத் திறந்தார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, 16ஆம் தேதி கடைகள் மறுபடி திறந்தன. "அங்க போறவங்கள விட்டுட்டு எங்கள மட்டும் ஏன் தம்பி தள்ளி நிக்கச் சொல்ற?" என்று ஒரு அப்பாயி கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்த செப்டம்பரில் முகக்கவசம் போடாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்று சட்டம் வந்தது. அந்த வருஷம் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலியே 256 ரூபாய்தான். கையில் காசு இருப்பவருக்கு அது ஒரு ரசீது, எங்கள் ஊர்க்காரருக்கு ஒரு நாள் உழைப்பு. அபராதத்துக்குப் பயந்தவர்கள் போலீஸ் நிற்கும் முக்கில் மூக்கை மூடினார்கள், தாண்டியதும் இறக்கினார்கள். கடைக்குள் போடுங்கள் என்றால், "இங்க யாரு ஃபைன் போடப்போறா?" என்றார்கள். நோய்க்காகப் போட்டுக்கொண்டிருந்தவர்களையும் போலீசுக்காகப் போட வைத்ததுதான் மிச்சம்.

அதற்கடுத்த மாதம் கைரேகை வைத்தால்தான் சாமான் என்று ஆக்கினார்கள். எதையும் தொடாதே என்று ஊரெல்லாம் மைக் கட்டிச் சொல்லிவிட்டு, அத்தனை பேரையும் ஒரே கண்ணாடியில் விரல் வைக்கச் சொன்னால் எப்படி? சானிடைசர் போட்ட ஈர விரலை மெஷின் எடுக்காது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார்கள். நாற்று நட்டுத் தேய்ந்த விரலில் ரேகையே விழாது. கட்டை விரல், ஆள்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாக நான் பிடித்து அழுத்திப் பார்ப்பேன். அதற்குள் சர்வர் நின்றுவிடும், வரிசை நெருக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிடும். அதை யாராவது போட்டோ எடுத்துப் போட்டிருந்தால், ஒழுக்கமில்லாத கூட்டம் என்று நீங்களும்தான் சொல்லியிருப்பீர்கள்.