அமெரிக்காவில் போலீஸ் நிறுத்தினால் போனைத் திறந்து காட்ட வேண்டுமா?

வேண்டாம். ஆனால் அவர் கேட்டு நீங்களாகத் தலையாட்டிவிட்டால் அரசியல் சட்டமெல்லாம் உதவிக்கு வராது. நான் வக்கீல் இல்லை, ஒரு தடவை மாட்டப் பார்த்ததில் படித்துத் தெரிந்துகொண்டது இது.

கலிபோர்னியா வந்த புதிதில், நம்பர் பிளேட்டில் ஒட்டியிருந்த பதிவு ஸ்டிக்கர் காலாவதியானதைக் கவனிக்காமல் ஓட்டி, ஒரு ராத்திரி ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள். இன்சூரன்ஸ் கேட்டார். அட்டை வீட்டில் கிடக்கிறது, ஆப்தான் இருக்கிறது. பதற்றத்தில் லாக்கை எடுத்து போனை அப்படியே ஜன்னல் வழியாக நீட்டினேன். நல்ல மனுஷன், கையில் வாங்கவே இல்லை, ஸ்க்ரீனைக் காட்டினால் போதும் என்றார். அந்த மாநில வாகனச் சட்டத்திலேயே இருக்கிறதாம்: போனில் இன்சூரன்ஸ் காட்டினால் அதிகாரி அதை மட்டும்தான் பார்க்க வேண்டும், மற்றதில் கண் போகக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், நாடு முழுவதற்கும் விதி வகுத்த வழக்கும் இதே மாதிரி காலாவதி ஸ்டிக்கரில்தான் ஆரம்பித்தது. 2009இல் சான் டியேகோவில் டேவிட் ரைலி என்பவரை அதற்காக நிறுத்தினார்கள், லைசென்சும் முடக்கத்தில் இருந்தது, காரைப் பறிமுதல் செய்து பார்த்தால் பானெட்டுக்குள் இரண்டு துப்பாக்கி, உடனே கைது, அப்புறம் அவர் பாக்கெட்டில் இருந்த போனையும் வாரண்ட் இல்லாமலே நோண்டி, அதிலிருந்த படங்களையும் வீடியோக்களையும் வைத்து ஒரு துப்பாக்கிச் சூட்டு வழக்கில் சேர்த்துவிட்டார்கள். கைதானவரின் சட்டைப் பையில் இருக்கும் சிகரெட் பாக்கெட்டைத் திறந்து பார்க்கலாம் என்று 1973லேயே தீர்ப்பு இருக்கிறது, போனும் பையில் இருக்கிற பொருள்தானே என்பது அரசுத் தரப்பு. 2014 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் சேர்ந்து அதைத் தள்ளிவிட்டார்கள். அரசு சொல்வது, குதிரைச் சவாரியும் நிலாவுக்குப் போவதும் ஒன்று என்பது போல இருக்கிறது என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் கிண்டலே செய்திருக்கிறார்.

ஆக, அநியாயச் சோதனையைத் தடுக்கும் அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தத்தின்படி போனைப் பார்க்க வாரண்ட் வேண்டும், உயிர் போகிற அவசரம் மாதிரி சிலது மட்டும் விலக்கு. ஆனால் கைது செய்தால் போனை வாங்கி வைத்துக்கொள்ளலாம், உறைக்குள் பிளேடு ஒளித்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். அதைத் தடுக்கப் போகாதீர்கள், கைகலப்பானால் அது தனி வழக்கு. "சோதனைக்குச் சம்மதம் இல்லை" என்று மரியாதையாகச் சொன்னால் போதும்.

பாஸ்வேர்டைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் தீர்ப்பு மாறுகிறது. கைரேகை இன்னும் குழப்பம்: பரோலில் இருந்த ஒருவரின் கட்டைவிரலை வைத்துத் திறந்தது தப்பில்லை என்று கலிபோர்னியாவும் அடங்கும் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது. அதனால் நான் விரலை எடுத்துவிட்டு எண்ணுக்கு மாறிவிட்டேன்.

ஊருக்குப் போய்த் திரும்பும் நம்மவர்களுக்கு இன்னொன்று. ஏர்போர்ட் குடியேற்ற வரிசையில் இந்த 2014 தீர்ப்பைக் காட்டிப் பயனில்லை, எல்லைச் சோதனைக்கு விதி வேறு. மேலோட்டமாகப் புரட்டிப் பார்க்க அங்கே வாரண்டும் கேட்பதில்லை, சந்தேகமும் கேட்பதில்லை. திறக்க மாட்டேன் என்றால் குடிமகனை நாட்டுக்குள் விடாமல் இருக்க முடியாது, போனை மட்டும் பிடித்து வைப்பார்கள். விசாவில் இருப்பவரைத் திருப்பியே அனுப்பலாம். எனக்கு இன்னும் எச்1பி வேலை விசாதான், அந்த வரிசையில் கேட்டால் திறந்து கொடுத்துவிடுவேன்.